ஒரே வார்த்தைக்கு ஐந்து பக்கங்கள்

இஃப்ஃபத் அக்கா பி.காம். படிப்பில் கணக்குத் தாளை மூன்று முறை கோட்டைவிட்டு நான்காவது முறை தேறியவர். அதற்குள் அவருக்குக் கல்யாணமாகி, காரைக்காலிலிருந்து முத்தியால்பேட்டைக்கு வந்து, ஒரு மகளும் பிறந்துவிட்டாள். மூன்றாம் முறை முடிவு வந்த அன்று மாமியார் கரீமாம்மா, "போதும்மா, அந்தப் பேப்பர வச்சிகினு இன்னா பண்ணப்போற?" என்று கேட்டாராம். "ஒண்ணும் பண்ணப்போறதில்ல மாமி. எழுதாம விட்டா அது மனசுல உக்காந்துக்கிட்டே இருக்கும்" என்றாராம் அக்கா. இதை எனக்குச் சொன்னவர் கரீமாம்மாதான். பெருமையாகச் சொன்னாரா, அலுத்துக்கொண்டு சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான் அவர்கள் கடையில் கால் அளவு எடுப்பவள். பெயர் நிர்மலா. சேதராப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறேன். கடை என்றால் சாதாரணச் செருப்புக் கடை இல்லை. சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு, எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரை அடியில் வைத்து, அவரவர் காலுக்கு ஏற்பச் செய்து தருகிற கடை. முள் ஏறினாலும் தெரியாத கால்கள் அவை. செருப்பு கடித்த இடம் புண்ணாகி, புண் ஆழமாகி, விரலை எடுக்க வேண்டிவந்த பிறகுதான் பலருக்கு இப்படியொரு செருப்பு இருப்பதே தெரியவரும். ஜனங்கள் இதை 'சுகர் செருப்பு' என்பார்கள்.

தொழிலைத் தொடங்கியவர் அக்காவின் மாமனார் அன்வருதீன் பாய். முதலில் கடை முல்லா வீதியில் இருந்தது. இடம் போதாமல் பட்டறையும் கடையும் முத்தியால்பேட்டைக்கு மாறின. அக்காவின் கணவர் ஃபவாஸ் அதை ஏற்று நடத்தினார். அவருடைய தம்பி அய்மான், ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்தில் இன்னொரு கடை போட்டார். கடை இரண்டு, பெயர் ஒன்று, வெப்சைட்டும் ஒன்று. அந்த வெப்சைட்டை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை. அக்கா அதில் அவ்வப்போது புதுச் செருப்புகளின் படம் ஏற்றுவார், அவ்வளவுதான்.

ஒரு சித்திரை மாத மதியம். திருக்கனூர் பக்கத்திலிருந்து கன்னியப்பன் என்று ஒரு விவசாயி, தன் மனைவி கமலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். வெயிலில் இருவர் முகமும் கறுத்திருந்தது. அவரை உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றியபோது வலது காலின் சுற்றுத்துணி நனைந்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். கட்டைவிரல் அடியில் இருந்த புண் வாய் பிளந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

"இவ்ளோ தூரம் நடக்கலாமா?" என்று கேட்டேன்.

"நடக்கணும்னு வரலம்மா" என்றார் கமலா. "எம்பொண்ணு போன்ல பாத்து முல்லா வீதின்னு சொல்லிச்சு. அங்க போனா பூட்டி வருசக்கணக்காகுது, முத்தியால்பேட்டைக்குப் போங்கன்றாங்க. போட்டிருந்த நம்பருக்கு அடிச்சா அப்பிடி ஒரு நம்பரே இல்லைன்னுது. ஷேர் ஆட்டோக்காரன் அஜந்தா சிக்னல்ல எறக்கிவுட்டுட்டான். அங்கேருந்து விசாரிச்சிக்கினே வரோம்."

உள்ளே கணினி முன்னால் இருந்த இஃப்ஃபத் அக்கா எழுந்து வந்தார். "எந்த இடத்துல பாத்தீங்கம்மா? காட்டுங்க."

கமலா தன் கைபேசியை நீட்டினார். மகள் அனுப்பிய பக்கம் அதில் இருந்தது. அக்கா பார்த்தார், நானும் எட்டிப் பார்த்தேன். அது எங்கள் பக்கம்தான். எங்கள் கடைப் பெயர், எங்கள் வெப்சைட், முல்லா வீதி முகவரி, எப்போதோ துண்டித்த தொலைபேசி எண்.

அன்று அளவு எடுக்கவில்லை. புண் ஆறாமல் செருப்பு போடக் கூடாது. அக்கா ஆட்டோ வரவழைத்து அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். ஆட்டோ போன பிறகும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அந்த மனுசன் கால் அப்படி ஆனதுக்கு நாமதான் காரணம் நிர்மலா."

"ஏற்கெனவே இருந்த புண்ணுக்கா."

"இருந்துச்சு. ஊர் பூரா நடக்கவச்சு அதப் பெருசாக்கினது யாரு?"



அன்று மாலையே அவர் 'சுகர் செருப்பு பாண்டிச்சேரி' என்று தட்டித் தேடிப் பார்த்தார். முதல் இடங்களில் வெளியூர்க் கம்பெனிகள், ஆன்லைனில் விற்பவர்கள். வெகு கீழே எங்கள் பக்கம் ஒன்று, அந்த முல்லா வீதிப் பக்கம். மறுநாள் தேடினால் அதே இடத்தில் அய்மானின் அரியாங்குப்பம் பக்கம். இன்னொரு நாள் முத்தியால்பேட்டைப் பக்கம். மூன்று மட்டுமில்லை. முன்பு ஒரு விளம்பரக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன இரண்டு கட்டுரைகளும் இருந்தன. ஆக, ஐந்து பக்கங்கள். ஐந்திலும் ஏறக்குறைய ஒரே சமாச்சாரம், ஒரே வார்த்தை.

ஃபவாஸ் அண்ணன் பட்டறையில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் போய், "நம்ம பக்கங்களே ஒண்ண ஒண்ணு கீழ இழுக்குது" என்றார்.

"அஞ்சு இருந்தா நல்லதுதானே? அஞ்சுல ஒண்ணாவது கண்ல படும்."

"அப்படி இல்லங்க. ஒரே வீட்டுல அஞ்சு பேரு ஒரே ரேஷன் கார்டுக்கு அஞ்சு மனு குடுத்தா ஆபீசர் எதுல கையெழுத்துப் போடுவாரு? எதுலயும் போடமாட்டாரு, ஓரமா வச்சிடுவாரு. கூகுளும் அதத்தான் பண்ணுது. எது நம்ம சரியான பக்கம்னு அதுக்குத் தெரியல. ஒருநாளு இதைக் காட்டுது, ஒருநாளு அதைக் காட்டுது. எதையும் மேல கொண்டுபோகல."

அண்ணன் கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "எனக்கு இதெல்லாம் புரியாது. உனக்குச் சரின்னு பட்டதைச் செய்."

அக்கா செய்தார். செய்ததில்தான் முதல் அடி விழுந்தது. முத்தியால்பேட்டைப் பக்கத்தில் முகவரி, எண் எல்லாவற்றையும் திருத்தி, அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் ஒரே மூச்சில் அழித்துவிட்டார். ஒன்றே ஒன்று இருந்தால் குழப்பம் இருக்காது என்பது அவர் கணக்கு.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து அய்மான் நேராகக் கடைக்கு வந்தார். வழக்கமாக வந்ததும் என்னைக் கேலி செய்வார். அன்று அப்படி எதுவும் இல்லை.

"அண்ணி, எங்க கடைய எதுக்கு அழிச்சீங்க?"

"கடைய அழிக்கல தம்பி. பக்கத்தைத்தான் எடுத்தேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பத்து நாளா போன் அடிக்கல. கால் டாக்டர் ஒருத்தர் தன்னோட வெப்சைட்ல நம்ம பக்கத்தைப் போட்டு வச்சிருந்தாரு. அவரோட பேஷண்டுங்க அதைத் தட்டித்தான் எனக்குப் போன் பண்ணுவாங்க. இப்போ தட்டினா, இப்படி ஒரு பக்கம் இல்லைன்னு வருது. அவங்கல்லாம் நான் கடைய மூடிட்டேன்னு நெனச்சிக்கினு இருக்காங்க."

அக்கா தன் கைபேசியில் அந்த டாக்டரின் பக்கத்தைத் திறந்து, எங்கள் பெயரைத் தட்டினார். வெள்ளைத் திரையில் ஒற்றை வரி வந்தது. 

"தப்பு என்னோடது" என்றார். "உங்களக் கேக்காமச் செஞ்சதும் தப்பு, செஞ்ச விதமும் தப்பு. இன்னிக்கே திரும்பக் கொண்டுவந்துடறேன்."

"கேட்டிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

"அதனாலதான் கேட்டிருக்கணும்."

அய்மான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெப்சைட்டை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போன் மேல் போன் போட்டு, அவர்களிடமிருந்த பழைய நகலிலிருந்து நான்கு பக்கங்களையும் அன்று சாயங்காலத்துக்குள் அக்கா திரும்ப ஏற்றினார். ஊரைச் சுற்றவைத்த முல்லா வீதி முகவரியையும் அந்தப் பழைய எண்ணையும் மட்டும் மாற்றினார். மற்றபடி பழைய நிலைமைதான்.

வீட்டில் விஷயம் பரவியது. "அண்ணன் தம்பிக்குள்ள ஒண்ணு வந்துடக் கூடாதும்மா. முகவரிய மாத்திட்டல்ல, அதோட உட்டுடு" என்றார் அன்வருதீன் பாய். ஃபவாஸ் அண்ணனும் அதையே சொன்னார். நியாயமாகப் பார்த்தால் அங்கேயே முடிந்திருக்க வேண்டிய கதை. அக்கா எல்லோருக்கும் தலையாட்டினார். மறுநாள் காலை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தவர், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

தினமும் அப்படித்தான். காலை நேரம் முழுக்கப் படிப்பு. யூடியூபில் பாடம், ஆங்கிலத்தில் நீளநீளமான கட்டுரைகள். புரியாத இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்பார். அழிப்பது வேறு, இணைப்பது வேறு என்பது அப்போதுதான் அவருக்குத் தெளிவாகியிருக்கிறது. ஒரு பக்கத்தை எடுத்தாலும், அதன் பழைய முகவரியைத் தட்டுகிறவர்களைத் தானாகவே புதுப் பக்கத்துக்குக் கொண்டுவந்து விடலாம். ரீடைரக்ட் என்று அதற்குப் பெயர். பழைய பக்கம் இத்தனை வருடம் சம்பாதித்த நல்ல பெயரும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும்.

"கடைய மாத்தும்போது பழைய கடைக் கதவுல புது அட்ரஸ் ஒட்டுவாங்கல்ல, அதுதான் இது" என்று எனக்கு விளக்கினார். "நான் ஒட்டாமப் பூட்டிட்டு வந்துட்டேன்."

எந்த வார்த்தையைத் தேடியவர்களுக்கு எந்தப் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் அதைத் தட்டினார்கள் என்று காட்ட கூகுளே இலவசமாக ஒரு வசதி வைத்திருக்கிறது. அதைத் திறந்து தினமும் பார்க்க ஆரம்பித்தார். எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்.

"வர்றவங்ககிட்ட அளவு எடுக்கும்போது பேச்சுவாக்குல கேளு. போன்ல பாத்து வந்தீங்களா, என்னன்னு போட்டுத் தேடினீங்கன்னு."

நானும் கேட்டேன். ஜனங்கள் பலவிதமாகச் சொன்னார்கள். 'சுகர் செருப்பு', 'கால் மரத்துப்போனா போடற செருப்பு', 'ஷுகர் பேஷண்ட் சப்பல்' என்று விதம் விதமாக. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்தது. ஆனால் அரியாங்குப்பம் பக்கத்தைப் பற்றிக் கூகுள் காட்டிய விவரத்தில் வேறு ஒன்று இருந்தது. அதை முதலில் கவனித்தவரும் அக்காதான்.

"நிர்மலா, இங்க பாரு. அய்மான் பக்கத்துக்குக் கொஞ்சம் பேரு வேற வார்த்தை போட்டு வராங்க. 'ஒரு கால் குட்டை ஷூ', 'ஒரு பக்கம் உயரம் வச்ச செருப்பு'. அந்தப் பக்கத்துல இதைப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருக்கு. அந்த ஒரு வரிக்கே இத்தனை பேரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அய்மான் செய்கிற வேலையில் பாதிக்கு மேல் அதுதான். விபத்தில் அடிபட்டு, அல்லது பிறவியிலேயே, ஒரு கால் குட்டையாகிப்போனவர்களுக்கு அடிப்பாகத்தை ஏற்றி, வெளியே தெரியாதபடி ஷூ செய்வதில் அவர் கை அபாரம். அண்ணன் கடையிலிருந்தே சில அளவுகள் அவருக்குப் போகும். ஆனால் அவர் பக்கத்தில் அதைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் பக்கத்தை அப்படியே நகலெடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு அரியாங்குப்பம் போனார். ஸ்கூட்டரில் பாலத்தைக் கடக்கும்போது, "கோபமாப் பேசினா பேசட்டும், நீ குறுக்க பேசாத" என்றார். நான் பேசுவதாகவே இல்லை.

கடையில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். அவர் போகும்வரை நாங்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். அய்மான் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க அண்ணி."

"சுகர் செருப்புக்கு நம்ம குடும்பத்துக்கு ஒரே பக்கம் போதும் தம்பி. அஞ்சையும் சேத்து ஒண்ணாக்கணும். உங்களக் கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன்."

"ஒண்ணாக்குறதுன்னா? அண்ணன் கடைக்குள்ள என் கடையக் கரைக்கிறது. அதானே?"

"இல்ல. அந்தப் பக்கத்துல ரெண்டு கடையும் இருக்கும். ரெண்டு அட்ரஸ், ரெண்டு நம்பர், ரெண்டு மேப்பு, எல்லாம் ஒரே அளவுல. கடலூர் பக்கத்துலேருந்து வர்றவங்க உங்ககிட்ட வரட்டும், திண்டிவனம் பக்கத்துலேருந்து வர்றவங்க எங்ககிட்ட வரட்டும். இப்ப நடக்கறது என்ன? உங்க பக்கமும் எங்க பக்கமும் சண்ட போட்டு, ரெண்டும் கீழ கெடக்குது. எவனோ வெளியூர்க்காரன் கால் அளவே பாக்காம கூரியர்ல அனுப்பிட்டு இருக்கான்."

அய்மான் யோசித்தார். "யார் பேரு மொதல்ல வரும்?"

"எழுத்து வரிசை போடலாம். அரியாங்குப்பம் 'அ'வுல ஆரம்பிக்குது."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அப்ப எனக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாதா?"

"அதுக்குத்தான் நான் நேர்ல வந்தேன்" என்று சொல்லி, அக்கா கைபேசியில் அந்த விவரத்தைக் காட்டினார். "ஒரு கால் குட்டையானவங்க ஷூ தேடறாங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல அதுக்குன்னு ஒழுங்கா ஒரு பக்கம்கூட இல்ல. நீங்கதான் அதச் செய்யறீங்க. அந்தப் பக்கம் முழுக்க உங்களோடது. அண்ணன் பேரு அதுல வராது. நீங்க செய்யற வேலைய நீங்களே சொல்லுங்க, நான் எழுதறேன்."

அய்மான் கைபேசியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "போன தடவ நீங்க கை வச்சு எனக்குப் பத்து நாளு போச்சு" என்றார்.

"போச்சு. இந்தத் தடவையும் ஆரம்பத்துல கொஞ்சம் எறங்கும். அத இப்பவே சொல்லிடறேன்."

"எத்தன நாளு?"

"மூணு மாசம் குடுங்க."

"ஒரு மாசம்."

"ஒரு மாசம் பத்தாது தம்பி. ஒரு மாசத்துக்குன்னா நான் தொடவே மாட்டேன்."

அக்கா அதைக் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் அதற்கு மேல் பேரத்துக்கு இடமில்லை என்று எனக்கே தெரிந்தது. அய்மான் கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனையோடு. மூன்று மாதத்தில் சரியாகவில்லை என்றால் அவர் தனிப் பெயரில் தனி வெப்சைட் ஆரம்பித்துவிடுவார். அதாவது கடைப் பெயரும் இரண்டாகப் பிரியும். அக்கா சரி என்றார். 

ஐந்து பக்கங்களையும் வரி வரியாகப் படித்தார். எதிலும் எல்லாமே குப்பை இல்லை. முல்லா வீதிப் பக்கத்தில், காலை எப்படித் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், எப்படித் துடைக்க வேண்டும் என்று அன்வருதீன் பாய் சொன்னதை யாரோ அழகாக எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் செருப்புகளின் படங்கள் தெளிவாக இருந்தன. அய்மானின் பக்கத்தில் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இருந்தன. விளம்பரக்காரரின் கட்டுரைகளில் எடுக்க எதுவும் இல்லை என்று நினைத்தேன். அதிலும் ரப்பரை எப்போது மாற்ற வேண்டும் என்ற ஒரு பத்தியை அக்கா எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் கோத்து, நடுவில் விட்டுப்போனதைத் தானே எழுதி, ஒரே பக்கமாக்கினார். புண் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பிறகு எங்களிடம் வாருங்கள் என்பதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

பிறகு ஐந்து பழைய முகவரிகளையும் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார். ஒவ்வொன்றையும் என் கைபேசியில் ஒரு தடவை, அவர் கைபேசியில் ஒரு தடவை தட்டிப் பார்த்தோம். எல்லாம் புதுப் பக்கத்துக்கே வந்து நின்றன. கால் டாக்டருக்கு எழுதி, அவர் வெப்சைட்டிலும் முகவரியை மாற்றச் சொன்னார். அவரும் மாற்றிக்கொடுத்தார். எங்கள் வெப்சைட்டின் மற்றப் பக்கங்களில் சுகர் செருப்பு என்று வருகிற இடங்களையெல்லாம் இந்தப் புதுப் பக்கத்தோடு இணைத்தார். அய்மானுக்கான பக்கத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அவர் பேசிக்கொண்டே வேலை செய்ய, அக்கா கேட்டு எழுதினார். பேசத் தொடங்கியதும் அவருக்கும் கோபம் மறந்துபோயிருக்க வேண்டும். எந்தக் காலுக்கு எவ்வளவு ஏற்ற வேண்டும், ஏற்றத்தை ஏன் ஒரேயடியாகச் செய்யக் கூடாது என்று நிறையச் சொன்னார்.

அதற்கப்புறம் வந்ததுதான் கஷ்டமான காலம். முதல் மாதம், சொன்னதுபோலவே, இறங்கியது. தேடினால் எங்கள் பக்கம் எதுவுமே தென்படவில்லை. ஃபவாஸ் அண்ணன் ஒருநாள் பட்டறையிலிருந்து கை கழுவாமலே வந்து நின்றார்.

"இஃப்ஃபத், முத்தியால்பேட்டைப் பக்கத்த மட்டுமாவது பழையபடி போட்டுடு. அய்மானுக்கு நான் சொல்லிக்கிறேன்."

"முடியாதுங்க."

"ஏன்?"

"இப்பதான் அது ஒவ்வொரு பக்கமாப் பாத்து, இதெல்லாம் ஒண்ணுன்னு புரிஞ்சிக்கிட்டு வருது. நடுவுல மாத்தினா மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கும். அதோட, அவருகிட்ட மூணு மாசம்னு கேட்டு வாங்கிட்டு, முதுகுக்குப் பின்னாடி நம்ம பக்கத்த மட்டும் தூக்கி நிறுத்தினா, அப்புறம் அவரு முகத்துல எப்படி முழிக்கிறது?"

அண்ணன் திரும்பிப் போனார். அக்காவின் கை கணினி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பயம் இல்லாமல் இல்லை. எதையாவது செய்துகொண்டிருந்தால் அவருக்குத் தெம்பாக இருக்கும். எதையும் தொடாமல் காத்திருப்பதுதான் அவரை வாட்டியது. அந்த நாட்களில் மேசையை அடிக்கடி துடைப்பார். ஒரு தடவை துடைத்த கண்ணாடி அலமாரியை மறுபடி துடைப்பார்.

அய்மான் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார். "அண்ணி, இன்னும் ஒண்ணும் ஏறலையே." அக்காவும் ஒவ்வொரு முறையும் ஒளிக்காமல் இருக்கிற நிலவரத்தைச் சொல்வார். இவ்வளவு பேருக்குத் தெரிந்தது, இவ்வளவு பேர் தட்டினார்கள், போன வாரத்தைவிடக் குறைவு அல்லது கொஞ்சம் அதிகம். நல்லபடியாக இருக்கிறது என்று சும்மாவுக்காவது சொல்லி ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

இதற்கிடையில் கன்னியப்பன் வந்தார். புண் ஆறியிருந்தது. ஒரு விரலின் நுனியை எடுத்திருந்தார்கள். காலுக்கு ஆபத்தில்லை. நான் அளவெடுத்தேன். அக்கா கூடவே நின்றார். கமலா, "நீங்க அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலன்னா..." என்று ஆரம்பித்தபோது அக்கா அவரைப் பேசவிடவில்லை. "எங்க அட்ரஸ் சரியா இருந்திருந்தா நீங்க அவ்வளவு தூரம் நடந்தே இருக்க மாட்டீங்கம்மா" என்றார். கமலாவுக்கு அது சரியாகப் புரிந்ததா தெரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில்தான் மாற்றம் வந்தது. ஒரே நாளில் வரவில்லை. முதலில் எங்கோ கீழே எங்கள் புதுப் பக்கம் தெரிந்தது. மறுநாளும் அதே பக்கம்தான், அடுத்த நாளும் அதேதான். ஒருநாள் ஒன்று, மறுநாள் இன்னொன்று என்ற ஆட்டம் நின்றுவிட்டது. அக்காவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "இதுதான் அந்த வீட்டோட மனுன்னு ஆபீசருக்குப் புரிஞ்சிடுச்சு" என்றார். பிறகு வாரத்துக்கு ஒரு படி என்று மேலே ஏறி, முதல் திரையில் மூன்றாம் இடத்தில் வந்து நின்றது. முதலிடம் இன்றுவரை ஒரு பெரிய கம்பெனியிடம்தான். அதைப் பிடிக்க முடியாது என்று அக்காவே சொல்கிறார். மூன்றாம் இடமே எங்களுக்குப் போதிய கூட்டத்தைக் கொண்டுவந்தது.

அய்மானின் பக்கத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. அந்த வார்த்தைக்கு வேறு யாரும் போட்டியில்லாததால் மளமளவென்று மேலே போய்விட்டது. ஒருநாள் அவர் வழக்கமில்லாத நேரத்தில் கூப்பிட்டார். அக்கா கைபேசியை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணி, இப்ப ஒரு பொண்ணு வந்துட்டுப் போச்சு. நெய்வேலிப் பக்கம். காலேஜ்ல படிக்குது. சின்ன வயசுல லாரி மோதி ஒரு கால் குட்டை. இத்தன வருசமா நீளப் பாவாடைதான் கட்டிக்கிட்டு இருக்குது, நடை தெரியக் கூடாதுன்னு. இப்படி ஒரு ஷூ செய்யலாம்னு அந்த வீட்ல யாருக்குமே தெரியல. நம்ம பக்கத்தப் படிச்சிட்டு அந்தப் பொண்ணே அவங்க அப்பாவக் கூட்டிக்கிட்டு வந்திருக்குது."

"அளவு எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன். நாலு தடவையா ஏத்தணும்." கொஞ்சம் நிறுத்தினார். "மூணு மாசம் முடிஞ்சிருச்சி அண்ணி. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

"தனி வெப்சைட்லாம் வேணாம். ஆனா ஒண்ணு. அந்தப் பக்கத்துல என் போட்டோ நல்லா இல்ல, மாத்துங்க."

"அது எங்க குத்தமில்ல தம்பி" என்றார் அக்கா. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இப்போது அரியாங்குப்பம் கடையில் அய்மானோடு இன்னும் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஃபவாஸ் அண்ணன் புதிதாக எதையாவது வெப்சைட்டில் போடச் சொன்னால் அக்கா கேட்கிற முதல் கேள்வி, "இதைப் பத்தி ஏற்கெனவே நம்மகிட்ட பக்கம் இருக்கா?" என்பதுதான். இருந்தால் அதிலேயே சேர்ப்பார். இல்லாவிட்டால்தான் புதிது.

என் அண்ணன் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனி சேதராப்பட்டில் இருக்கிறது. முதலாளி பலராமன். அவர் வெப்சைட்டிலும் இதே வியாதி இருப்பது என் மூலமாகத்தான் தெரிந்தது. போன மாதம் அக்காவை அழைத்திருந்தார். நானும் கூடப் போனேன். பலராமன் தன் அறையில் பெரிய திரையில் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். கேக் பெட்டிக்கு மட்டும் ஏழெட்டுப் பக்கங்கள். எல்லாம் ஒரே மாதிரி.

"எதை வச்சிக்கலாம், எதைத் தூக்கலாம்னு மட்டும் சொல்லுங்கம்மா. என் ஆளு இப்பவே முடிச்சிடுவான்" என்றார்.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. "இதையெல்லாம் எழுதினது யாரு சார்?"

"ஒருத்தர் இல்லம்மா. மானேஜர் கொஞ்சம், என் மருமகன் கொஞ்சம். ஏன்?"

"ரெண்டு பேரும் இன்னிக்கு இங்க இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப அவங்களக் கூப்பிடுங்க. மொதல்ல அவங்ககிட்ட பேசணும்."

 பலராமன் எழுந்து போய்க் கதவைத் திறந்து, இன்னும் இரண்டு நாற்காலி போடச் சொன்னார்.